விசில் ஊதாமல் அடித்த கோல் செல்லுமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு ஒசூர், வேலை பெங்களூரில். அறையில் நாலு பேர் இருக்கிறோம், அதில் இரண்டு பேர் திருச்சூர்க்காரர்கள். பெங்களூரு எஃப்.சி.யும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதினால் எங்கள் அறையிலும் மோதல்தான். பேச்சு எங்கே தொடங்கினாலும் 2023 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) பிளே-ஆஃபில் சுனில் சேத்ரி விசில் இல்லாமல் அடித்த கோலில் வந்து நிற்கும். போன தடவை ஒருவன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான், மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோல் சரியா, தப்பா? ரெஃப்ரி ஒழுங்காக நடத்தினாரா, ஒரு ஆட்டக்காரன் நன்றாக ஆடினானா என்பதையெல்லாம் எதை வைத்துச் சொல்வது?

பதில்: தம்பி, முதலில் அந்தக் கோலையே எடுத்துக்கொள்வோம். உங்கள் அறையில் நடக்கும் சண்டை முழுக்க அதற்குள் இருக்கிறது.

2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம். தொண்ணூறு நிமிடமும் கோல் இல்லாமல் போய், கூடுதல் நேரம் ஓடுகிறது. 96-வது நிமிடத்தில் கேரளாவின் பெனால்டி பகுதிக்கு வெளியே பெங்களூருக்கு ஃப்ரீ கிக். கேரளா கோல்கீப்பர் பிரப்சுகன் கில், சுவரை, அதாவது பந்தை மறிக்க வரிசையாக நிற்கும் தன் ஆட்களை, சரிசெய்வதற்காக கோல் நடுவை விட்டு நகர்ந்திருந்தார். சேத்ரி காத்திருக்கவில்லை. பந்தைத் தூக்கி வலைக்குள் போட்டுவிட்டார். நடுவர் கிரிஸ்டல் ஜான் கோல் என்று அறிவித்தார். கேரளா பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் ஆட்களை வெளியே அழைத்தார், அவர்கள் திரும்பி வரவில்லை. ஆட்டம் 1-0 என்று பெங்களூருக்குப் போனது. பிறகு அகில இந்திய கால்பந்து சம்மேளனம் கேரளா கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் விதித்தது.

இப்போது விதி. ஃப்ரீ கிக் எடுக்க விசில் தேவையில்லை, பொது விதி இதுதான். பந்து அசையாமல் இருந்தால், ஃபவுல் நடந்த இடத்தில் இருந்தால், எடுக்கலாம். எதிரணி 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது, எடுக்கிற அணிக்குக் கொடுத்த உரிமை. அது வேண்டாம் என்று அவர்கள் உடனே அடித்தால் அது அவர்கள் இஷ்டம். விசில் கட்டாயமாவது சில நேரங்களில் மட்டும்: அட்டை காட்டியபின், காயத்துக்காக நிறுத்தியபின், ஆள் மாற்றியபின், முக்கியமாக, “அவர்களைத் தள்ளி நிறுத்துங்கள்” என்று தூரம் கேட்டபின்.

ஆக உங்கள் திருச்சூர் நண்பர்கள் “விசிலே ஊதலையே” என்று சொல்வது மட்டும் வாதம் ஆகாது. அவர்கள் பக்கம் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதைச் சொல்லச் சொல்லுங்கள். நடுவர் தூரம் பார்க்கிற வேலையில் இறங்கிவிட்டார், அதனால் விசில் வரும் வரை பந்து அடிக்கப்படாது என்று நம்ப எங்களுக்கு உரிமை இருந்தது என்பதுதான் அது. பெங்களூர் பக்கத்து வாதம், சேத்ரி ஆட்டத்துக்குப் பின் சொன்னது: விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் சொன்னேன், கேரளா ஆட்டக்காரர் அட்ரியன் லூனாவுக்கும் அது காதில் விழுந்தது, அதனால்தான் நான் முதல் தடவை அடிக்கப் போனபோது வந்து மறித்தார்.

என் கருத்தைக் கேட்டால், கோல் செல்லும். ஆனால் அதே மூச்சில் இன்னொன்றும் சொல்வேன். நான் அந்த நடுவர் இடத்தில் இருந்திருந்தால் கேரளாக்காரர்களுக்கும் கேட்கும்படி “உடனே எடுக்கிறார், விசில் கிடையாது” என்று உரக்கச் சொல்லியிருப்பேன். சொல்ல வேண்டும் என்று விதியில் இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான தொண்டைகள் கத்துகிற நாக்-அவுட் ஆட்டத்தில், ஒரு பக்கம் ஒன்று நினைக்க, மறுபக்கம் வேறொன்று நினைக்க விட்டால் என்ன ஆகும் என்பதை இருபது வருடம் விசில் பிடித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரியும். முடிவு சரி, கையாண்ட விதத்தில் குறை. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை உங்கள் அறை ஒப்புக்கொண்டால் பாதிச் சண்டை போய்விடும்.

இது இந்தியாவில் மட்டும் நடந்ததும் இல்லை. 2004 டிசம்பரில் லண்டனில் ஆர்சனலும் செல்சியும் மோதின. சுவரா, உடனேயா என்று நடுவர் கிரஹாம் போல், தியரி ஹென்றியிடம் கேட்டார். ஹென்றி உடனே என்றார், அடித்தார், கோல். செல்சி கோலி பீட்டர் செக் அப்போதும் கம்பத்தோரம் சுவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஆட்டம் 2-2. அடுத்தது 2007 பிப்ரவரி, சாம்பியன்ஸ் லீக். பிரான்சின் லில் அணிக்கு எதிராக மான்செஸ்டர் யுனைடெடின் ரயான் கிக்ஸ் இதேபோல் ஒன்று அடித்தார். லில் ஆட்டக்காரர்கள் கோபத்தில் கோட்டோரம் வரை நடந்தே போய்விட்டார்கள். ஆனால் திரும்பி வந்து ஆட்டத்தை முடித்தார்கள். 1-0 என்று தோற்றார்கள், அவ்வளவுதான். கேரளா விஷயத்தில் எனக்கு மனசு ஆறாதது இங்கேதான். 96-வது நிமிடம் அது, கூடுதல் நேரத்தில் இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் பாக்கி இருந்தது. சமன் செய்திருக்கலாம், ஜெயித்தும் இருக்கலாம். ரசிகர்களுக்காகவாவது திரும்பி வந்திருக்க வேண்டும்.

சரி, பொதுவாக ஒரு நடுவரை எப்படி எடைபோடுவது? நான் கேட்கும் முதல் கேள்வி, “அந்த நொடியில், அவர் நின்ற இடத்திலிருந்து, அவருக்கு என்ன தெரிந்திருக்கும்?” டி.வி. நமக்கு ஐந்து கோணம் காட்டுகிறது. அவருக்கு ஒரு கோணம், ஒரு தடவை.

என் கதை ஒன்று சொல்கிறேன். வடசென்னையில் ஒரு லீக் ஆட்டம், பக்கத்துப் பக்கத்துத் தெரு அணிகள் இரண்டு. நான் அன்று லைன்ஸ்மேன், கையில் கொடி. எண்பதாவது நிமிடம் இருக்கும், ஒரு அணி திடீரென்று எதிர்த்தாக்குதலில் கிளம்பியது. லைன்ஸ்மேன் பொதுவாக கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரனுக்கு நேர்கோட்டில் நிற்க வேண்டும். கோலியையும் சேர்த்து எண்ணுவதால், பெரும்பாலும் அது நம் கண்ணுக்குத் தெரிகிற கடைசி டிஃபெண்டர். நான் இரண்டு எட்டு பின்தங்கிவிட்டேன். இரண்டே எட்டு. என் பக்கத்து ஓரமாக ஓடிய விங்கர், நடுவில் நின்ற டிஃபெண்டரை விட முன்னால் இருப்பதாகத் தெரிந்தது. ஆஃப்சைடு (பந்து தரப்படும் நொடியில் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி கோல் பக்கம் நிற்பது) என்று கொடியைத் தூக்கினேன். விங்கர் என்னைப் பார்த்துக் கையை விரித்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த நாள் ஒருவர் எடுத்த வீடியோவைக் காட்டினார்கள். சரியாக நேர்கோட்டில் நின்று எடுத்திருந்தார். அது ஆஃப்சைடே இல்லை, இரண்டு பேரும் சமம்.

ஏன் அப்படித் தெரிந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. கோட்டுக்குப் பின்னால் நின்று சாய்வாகப் பார்த்தால், கிட்டே இருப்பவன் முன்னால் இருப்பது போலவும், தூரத்தில் இருப்பவன் பின்னால் இருப்பது போலவும் தெரியும். கோட்டைத் தாண்டி முன்னால் நின்றால் இது தலைகீழாகும், தூரத்து ஆள் ஆஃப்சைடு போலத் தெரிவான். ரயிலில் போகும்போது ஜன்னலோரக் கம்பமும் தூரத்துப் பனைமரமும் இடம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கணக்குதான். ஒரு லைன்ஸ்மேனைத் திட்டுவதற்கு முன் கொடி எங்கே நின்றது என்று பாருங்கள். நேர்கோட்டில் நின்றும் தப்பு செய்திருந்தால் அது கண் தப்பு. நேர்கோட்டுக்கே வராமல் இருந்திருந்தால் அது கால் தப்பு, உழைப்புக் குறை. நான் செய்தது இரண்டாவது வகை. அதற்குத் திட்டு வாங்கியது நியாயம்.

டி.வி.யிலும் இதே பொறி இருக்கிறது. கேமரா நடுக்கோட்டுப் பக்கம் உயரத்தில் இருக்கிறது. படத்தை நிறுத்திவிட்டு செல்போன் ஓரத்தை நிமிர்த்தி வைத்து ஆஃப்சைடு அளக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது அளவே இல்லை. புல்லை வெட்டியிருக்கிற பட்டைகளையும் பெனால்டி பகுதிக் கோட்டையும் பாருங்கள், அவை எந்தச் சாய்வில் போகின்றனவோ அந்தச் சாய்வில்தான் ஒப்பிட வேண்டும். கையும் முழங்கையும் கணக்கில் வராது. கையில் அக்குளின் அடிமட்டத்துக்குக் கீழே இருக்கும் பகுதிதான் விதிப்படி கை, அதற்கு மேலே தோள்.

அடுத்தது ஸ்லோ மோஷன். காலை வைத்ததும் கணுக்கால் மடங்குவதும் நிதானமாகத் தெரியும்போது எந்த டேக்கிளும் கொலைவெறியாகத் தோன்றும். வி.ஏ.ஆர். (வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் ஏற்பாடு) நடைமுறையிலேயே இதற்கு ஒரு வரையறை உண்டு: எந்த இடத்தில் பட்டது, பந்தில் கை பட்டதா போன்ற விவரத்துக்கு ஸ்லோ மோஷன், மோதலின் வேகத்தை எடைபோட சாதாரண வேகம். உங்கள் அறையிலும் இதை வைத்துக்கொள்ளுங்கள். ரெட் கார்டா என்று வாதம் வந்தால் சாதாரண வேகத்தில் இரண்டு தடவை பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஐ.எஸ்.எல்.லில் அன்று வி.ஏ.ஆர். இருந்திருந்தால் பிரச்சினையே வந்திருக்காது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்ப மாட்டேன். 2023 செப்டம்பர் 30-ல் டாட்டன்ஹாம் மைதானத்தில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலை ஆஃப்சைடு என்று தள்ளினார்கள். அவர் ஆஃப்சைடில் இல்லை. வி.ஏ.ஆர். அறையில் அது தெரிந்தது. ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று தவறாக நினைத்து, “பரிசோதனை முடிந்தது” என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது, இனி நிறுத்த முடியாது. கண்ணில் தவறில்லை, கருவியில் தவறில்லை, பேச்சில் தவறு. கண்டீரவாவில் நடந்ததும் பேச்சுத் தவறுதான்.

ஆட்டக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். நடுவரிடம் கேட்ட அதே கேள்வியை இங்கேயும் கேளுங்கள்: அந்த நொடியில் அவனுக்கு என்ன தெரியும்? கில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கோலை விட்டு நகர்ந்தது முட்டாள்தனம் என்று அவரைப் போட்டு வறுத்தார்கள். சுவர் கட்ட வேண்டுமானால் கோலி கம்பத்தோரம் போய்த்தான் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. ஹென்றி கோலில் செக் செய்ததும் அதுதான், அவரை யாரும் மட்டமான கோலி என்று சொல்வதில்லை. தவறு சுவருக்கு முன்னால் இருந்தது. பந்துக்கு எதிரே, விழிப்பாக, சேத்ரியின் காலையே பார்த்துக்கொண்டு ஒருவன் இருந்திருக்க வேண்டும். அவன் வேண்டுமென்றே உடனடி ஃப்ரீ கிக்கைத் தடுத்தால் மஞ்சள் அட்டை வரும், அது உண்மை. ஆனால் முறையான தூரத்தில் நின்று முகத்தைப் பந்துப் பக்கமே வைத்திருக்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.  பழி பதினொரு பேருக்கும் போக வேண்டியது, கோலியின் தலையில் மட்டும் விழுந்தது.

பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிற பழக்கம் உங்கள் அறையில் இருக்கும் என்று நினைக்கிறேன். போடுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு கால் மணி நேரம் பந்தைப் பார்க்காமல் ஒரே ஆளைப் பாருங்கள். ஒரு நடுக்கள ஆட்டக்காரனை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து அவனிடம் வருவதற்கு முன் எத்தனை தடவை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறான் என்று எண்ணுங்கள். நல்ல ஆள் இரண்டு மூன்று தடவை பார்த்துவிடுவான், பந்து காலுக்கு வரும்போது அடுத்து எங்கே தர வேண்டும் என்பது முடிவாகியிருக்கும். பார்க்காதவன் பந்தை வாங்கியபின்தான் யோசிப்பான், அதற்குள் எதிராளி மேலே விழுந்துவிடுவான். அந்தப் பந்து பறிபோவதை மட்டும்தான் டி.வி. காட்டும். அதேபோல், தன் அணி தாக்கும்போது பின்னால் தங்கி இடைவெளியை அடைக்கிற டிஃபெண்டர் ஒரு தடவைகூடத் திரையில் வராமல் எட்டு மதிப்பெண்ணுக்கு ஆடியிருப்பான். இதெல்லாம் மைதானத்தில்தான் நன்றாகத் தெரியும். கண்டீரவாவில் ஓடுபாதை நடுவில் இருப்பதால் இருக்கை கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். ஃபவுலைப் பார்க்க அது வசதி இல்லை. அணி எப்படி விரிகிறது, சுருங்குகிறது என்று பார்க்க மேல் வரிசை ரொம்ப நல்லது.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் ஊரில் டர்ஃப் நிறைய இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நீங்களும் ஆடுவீர்கள். கொஞ்சம் பெரிய மைதானமாகப் பிடித்து, ஆஃப்சைடு விதியோடு ஆடுங்கள். தட்டை வைத்துவிட்டு எழுந்து போன நண்பரிடம் ஒரு பாதிக்குக் கொடியைக் கொடுங்கள், மறு பாதிக்கு நீங்கள் பிடியுங்கள். கைக்குட்டை இருந்தால் போதும். கடைசி டிஃபெண்டருக்கு நேர்கோட்டில் பக்கவாட்டாகத் தாவியபடியே ஓட வேண்டும், முகம் எப்போதும் மைதானத்தைப் பார்த்தபடி. பந்தை அடிக்கிற சத்தம் காதில் விழும் நொடியில் கண் கோட்டில் இருக்க வேண்டும், பந்தில் அல்ல. எதிர்ப்பக்கம் ஒருவர் அதே கோட்டில் செல்போனில் எடுக்கட்டும். இரவு நாலு பேரும் உட்கார்ந்து, எத்தனை கொடி சரி, எத்தனை தப்பு என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையை எனக்கும் எழுதுங்கள்.