மேடிசன் பக்கம் கேம்பிங்: எந்த பார்க், எந்த இடம்?

விஸ்கான்சினில் மேடிசனைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்கள் கோடை தொடங்கும் முன் கேட்ட கேள்விகளும், இந்தப் பக்கத்துக் கேம்ப்கிரவுண்டுகளை நன்கு அறிந்த ஒருவர் தந்த பதில்களும்.

அக்கா, இதுதான் எங்களுக்கு முதல் தடவை. நாலு வயசிலும் ஏழு வயசிலும் பிள்ளைகள். யாரைக் கேட்டாலும் டெவில்ஸ் லேக் என்கிறார்கள். அங்கேயே போகலாமா? (சன் ப்ரெய்ரியிலிருந்து ஓர் அம்மா)

டெவில்ஸ் லேக் அருமையான இடம், அதில் சந்தேகமே இல்லை. ஏரியின் இரண்டு பக்கமும் ஐந்நூறு அடி உயரத்துக்குக் குவார்ட்சைட் என்ற கடினமான பாறை எழுந்து நிற்கும். பனியாறு கொண்டுவந்து கொட்டிய மண்மேடுகள் பள்ளத்தாக்கை இரண்டு முனையிலும் அடைத்ததால் உருவான ஏரி அது. ஆனால் மாநிலத்திலேயே அதிகக் கூட்டம் வரும் ஸ்டேட் பார்க்கும் அதுதான். ஜூலை மாதச் சனிக்கிழமை பார்க்கிங்குக்கே அலைய வேண்டியிருக்கும். கிழக்குக் கரையை ஒட்டி ரயில் பாதை வேறு போகிறது. முதல் இரவே தூக்கம் கெட்டால் பிள்ளைகள் அடுத்த வருஷம் வர மாட்டேன் என்பார்கள்.

முதல் தடவை வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் இருக்கும் இடமாகப் பாருங்கள். நள்ளிரவில் சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தால் எல்லாவற்றையும் காரில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம் என்ற தைரியம் இருந்தால்தான் நீங்களும் நிம்மதியாகத் தூங்குவீர்கள். ஸ்டவ்டன் பக்கம் லேக் கெகான்சா ஸ்டேட் பார்க் இருக்கிறது. சின்ன பார்க், மர நிழலில் இடங்கள், குளிக்க வெந்நீர் ஷவர். இல்லையென்றால், இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம் என்றால், மேற்கே ப்ளூ மவுண்ட் ஸ்டேட் பார்க். அங்கே நீச்சல் குளமே உண்டு. குளம் கோடையில் மட்டும்தான் திறக்கும், அதனால் திறந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். டெவில்ஸ் லேக்குக்குப் பகலில் ஒரு நாள் போய் வாருங்கள். தங்குவதற்கு அடுத்த வருஷம் பார்க்கலாம்.

ஸ்டேட் பார்க் எல்லாம் எப்போது பார்த்தாலும் நிரம்பியிருக்கிறதே, மற்றவர்களுக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது? (ஃபிட்ச்பர்க்)

விஸ்கான்சின் ஸ்டேட் பார்க்குகளில் 11 மாதம் முன்பே புக்கிங் திறந்துவிடும். ஜூலை 10க்கு இடம் வேண்டுமானால் முந்தைய ஆகஸ்ட் 10 அன்று காலையிலேயே உட்கார வேண்டும். டெவில்ஸ் லேக்குக்கு அப்படித்தான் ஆட்கள் உட்காருகிறார்கள்.

அப்படித் திட்டம் போட முடியாதவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ரத்தாகும் இடங்கள். வானிலை முன்னறிவிப்பு வந்ததும் வாரத்தின் நடுவில் நிறையப் பேர் பின்வாங்குவார்கள். புதன், வியாழன் திரும்பத் திரும்பப் பாருங்கள். இன்னொன்று, நம் டேன் கவுன்டி நடத்தும் பார்க்குகள். இவற்றை நம் ஆட்கள் ஏனோ கண்டுகொள்வதே இல்லை. ப்ளூ மவுண்ட்ஸ் பக்கம் பிரிகம், மிடில்டன் பக்கம் ஏரிக்கரையில் மென்டோட்டா, மெக்ஃபார்லண்டில் பாப்காக், ஊரின் தெற்கு ஓரத்திலேயே லேக் ஃபார்ம், எல்லாவற்றிலும் கேம்ப்சைட் உண்டு. டோக்கன் க்ரீக்கும் இருக்கிறது. ஆனால் அது நெடுஞ்சாலைப் பக்கம் என்பதால் வண்டிச் சத்தம் தெரியும். வெள்ளி மாலை வேலை முடிந்து கிளம்பினால்கூட இருட்டும் முன் டென்ட் போட்டுவிடலாம்.

பார்க் முடிவாகிவிட்டது. வரைபடத்தில் நூற்றுக்கணக்கான எண்கள் தெரிகின்றன. எதை எடுப்பது? (வெரோனா)

இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பெயர் பெற்ற பார்க்கில் மோசமான இடம் கிடைத்தால் இரவு முழுக்கக் கஷ்டம். சாதாரண பார்க்கில் நல்ல இடம் அமைந்தால் இரண்டு நாளும் சுகம். பார்க்கைப் பற்றி ஒரு மணி நேரம் யோசிக்கிறவர்கள் எண்ணை ஒரு நிமிஷத்தில் அழுத்திவிடுகிறார்கள்.

முதலில் கழிப்பறையைத் தேடுங்கள். அதற்கு நேர் எதிரில் வேண்டாம். இரவெல்லாம் கதவு அடிக்கும், விளக்கு எரியும், ஆட்கள் உங்கள் டென்ட் ஓரமாகவே குறுக்கே நடப்பார்கள். ரொம்பத் தள்ளியும் வேண்டாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் நடக்க வேண்டும். நாலைந்து இடம் தள்ளி எடுத்தால் சரியாக இருக்கும். அது தண்ணீர் வரும் கழிப்பறையா, வெறும் குழிக் கழிப்பறையா என்பதும் வரைபடத்தின் குறியிலேயே தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் வீட்டில் பெரிய விஷயமாகலாம்.

அடுத்தது பாதை. கேம்ப்சைட்டுகள் பெரும்பாலும் வட்டப் பாதையைச் சுற்றித்தான் இருக்கும். வட்டத்தின் உள்பக்கம் எடுத்தால் உங்கள் முதுகுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம். வெளிப்பக்கம் எடுத்தால் பின்னால் காடு. எப்போதும் வெளிப்பக்கம். வட்டத்துக்குள் வண்டிகள் நுழையும் முனையில் எடுக்காதீர்கள், எல்லா வண்டியின் வெளிச்சமும் உங்கள் மேல்தான் விழும்.

மின்சார வசதியுள்ள இடங்களில் ஆர்வி என்னும் வீடு போன்ற பெரிய வண்டிகள்தான் வரிசையாக நிற்கும். ஃபேன் வைத்துக்கொள்ளலாமே என்று டென்ட்காரர்கள் அதை எடுத்தால் பக்கத்து வண்டியின் ஏசி சத்தத்தை இரவு முழுக்கக் கேட்க வேண்டும். மருந்துக்கோ மூச்சுக் கருவிக்கோ மின்சாரம் தேவைப்படுகிறவர்கள் தாராளமாக எடுங்கள். மற்றவர்களுக்குத் தேவையில்லை.

அப்புறம் தரை. புக்கிங் பக்கத்தில் இடத்தின் படம் இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். புல் இல்லாமல் மண் வழித்துக் கிடக்கும் பள்ளம் தெரிந்தால் மழைத்தண்ணீர் அங்கேதான் தேங்கும். சாட்டிலைட் படத்தில் மர நிழல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஜூனில் இங்கே இருட்ட ஒன்பது மணி ஆகிறது. மேற்கே மரம் இல்லாவிட்டால் சாயங்கால வெயில் டென்டைச் சுட்டெடுக்கும். டெவில்ஸ் லேக்கில் குவார்ட்சைட் கேம்ப்கிரவுண்ட் ஏரிக்குப் பக்கம், ஆனால் பெரும்பாலும் வெட்டவெளி. ஐஸ் ஏஜ் கேம்ப்கிரவுண்ட் ஏரியிலிருந்து தள்ளி மேட்டில் இருக்கிறது, மர நிழல் நன்றாக இருக்கும். ஏரிக்கு அருகில் என்ற ஒரே காரணத்துக்காக முதலாவதை எடுத்துவிட்டு வெயிலில் வாடுகிறவர்கள் நிறைய.

போய்ச் சேர்ந்ததும் டென்டை இறக்கும் முன் தலையைத் தூக்கி மேலே பாருங்கள். எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு இந்த மாநிலத்தில் 2008இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்து ஆஷ் மரங்கள் காய்ந்து செத்துக்கொண்டிருக்கின்றன. பட்ட கிளைக்குக் கீழே டென்ட் போடவே கூடாது.

வீட்டு கராஜில் நிறைய விறகு இருக்கிறது, எடுத்துப் போகலாமா? (மிடில்டன்)

கூடாது. கேம்ப்கிரவுண்டிலிருந்து பத்து மைலுக்குள் கிடைத்த விறகு, அல்லது பூச்சி இல்லை என்று சான்றளித்த விறகு, இரண்டைத்தான் ஸ்டேட் பார்க்கில் அனுமதிப்பார்கள். மேலே சொன்ன வண்டு விறகில் ஒளிந்துதான் ஊர் ஊராகப் போகிறது. அங்கேயே வாங்குங்கள்.

தஞ்சாவூரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார்ந்து எழ முடியாது. ஆனால் அப்பாவுக்கு ஒரு நாளாவது டென்டில் படுக்க வேண்டும் என்று ஆசை. (வெரோனா)

அப்பா ஆசையை விட்டுவிடாதீர்கள் தம்பி, வழி இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் உயரமுள்ள டென்ட், அதற்குள் கயிற்றுக் கட்டில் உயரத்துக்கு ஒரு மடக்குக் கட்டில். அம்மாவுக்கு அது போதும். கைப்பிடி வைத்த மடக்கு நாற்காலி ஒன்று கட்டாயம். கழிப்பறைக்கு நாலைந்து இடம் தள்ளி என்று மேலே சொன்னேன் அல்லவா, உங்களுக்கு அது பொருந்தாது. பக்கத்திலேயே எடுங்கள், சத்தம் பரவாயில்லை. பாதை சமதளமா என்று பார்க் அலுவலகத்துக்கு ஃபோன் செய்து கேளுங்கள், பொறுமையாகச் சொல்வார்கள்.

ஊனமுற்றோருக்கென்றே கட்டிய கேபின் மிரர் லேக், ப்ளூ மவுண்ட் போன்ற சில ஸ்டேட் பார்க்குகளில் இருக்கிறது. அதற்குத் தனித் தகுதி விதி உண்டு, மற்றவர்கள் கேட்கக் கூடாது. சாதாரணமாக வாடகைக்குக் கேபின் வேண்டுமானால் விஸ்கான்சின் டெல்ஸ் பக்கம் தனியார் கேம்ப்கிரவுண்டுகளில் நிறைய. அம்மா கேபினில் படுக்கட்டும், அதன் முன்னால் அப்பாவுக்கு டென்ட் போட முடியுமா என்று புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள்.

இன்னொன்று: ஜூலையில்கூட விடிகாலை குளிரும். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அது மார்கழியை விட அதிகம். கம்பளித் தொப்பியும் காலுறையும் கொடுத்துப் படுக்க வையுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். அங்கே இருக்கும் கிரில் கம்பியில் எல்லோரும் இறைச்சி சுட்டிருப்பார்களே? (ஃபிட்ச்பர்க்)

சுட்டிருப்பார்கள். அதில் சமைக்க வேண்டாம். ஒரு கேஸ் அடுப்பும் சொந்த தோசைக்கல்லும் எடுத்துப் போங்கள், மேசை மேலேயே சமைத்துவிடலாம். முதல் இரவுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போனால் டென்ட் போடும் அவசரத்தில் அடுப்பே பற்றவைக்க வேண்டியதில்லை. காலைக்கு வறுத்த ரவை. தாளிக்க வேண்டிய கடுகு, பருப்பு, மிளகாயை வீட்டிலேயே ஒரு டப்பாவில் கலந்து வைத்துவிடுங்கள். விறகுத் தீயில் சோளக்கதிரை மட்டும் ஃபாயிலில் சுற்றிச் சுடுங்கள், பிள்ளைகளுக்கு அதுதான் ஞாபகம் இருக்கும்.

கரடி வருமா? (மிடில்டன், ஒன்பது வயசுப் பையன் கேட்கச் சொன்னது)

விஸ்கான்சினில் கரடிகள் பெரும்பாலும் வடக்கே காடுகளில்தான். மேடிசன் பக்கம் ரக்கூன்தான் வரும். அது டப்பாவைத் திறக்கும், கூலரைத் திறக்கும். தூங்கும் முன் சாப்பாடு, பற்பசை எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்டச் சொல் கண்ணா.

பெற்றோருக்கு: பயப்பட வேண்டியது உண்ணிக்கு. மான் உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம், நம் மாநிலத்தில் அது சாதாரணமாகவே இருக்கிறது. மே முதல் ஜூலை வரை வரும் இளம் உண்ணி கசகசா அளவுதான், கண்ணுக்கே தெரியாது. நீளக் கால்சட்டை போட்டுக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். இரவு படுக்கும் முன் காதுக்குப் பின்னால், அக்குள், இடுப்பு, முழங்காலின் பின்பக்கம், தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் தடவுவது, சூடு வைப்பது எல்லாம் வேண்டாம். பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் நோய் தொற்றும், அதனால் தினமும் பார்த்தாலே பாதிக் கவலை தீர்ந்தது. பிறகு சிவந்த தடிப்போ காய்ச்சலோ வந்தால் டாக்டரிடம் போங்கள். இடம் தேர்வு செய்யும்போதும் உயரமான புல் ஒட்டிய இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

நாலு குடும்பம் சேர்ந்து போகிறோம். ஒரே இடத்தில் நாலு டென்ட் போட்டு, ராத்திரி பாட்டு, அந்தாக்ஷரி என்று ஜாலியாக இருக்கலாமா? (சன் ப்ரெய்ரி)

ஒரு கேம்ப்சைட்டில் ஒரு குடும்பம், அல்லது ஆறு பேர் வரை உள்ள குழு. அதுதான் ஸ்டேட் பார்க் விதி. இரவு 11 முதல் காலை 6 வரை சத்தமே கூடாது. அதற்கு முன்பும் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடாதீர்கள், மற்றவர்கள் காட்டின் ஓசையைக் கேட்க வந்திருக்கிறார்கள். தயவுசெய்து இதைக் கடைப்பிடியுங்கள். நம் ஆட்கள் கூட்டமாக வந்தால் சத்தம் என்ற பேச்சு நம்மால் வரக் கூடாது.

டெவில்ஸ் லேக்கிலும் கவர்னர் டாட்ஜ் ஸ்டேட் பார்க்கிலும் குழுக்களுக்கென்றே தனி கேம்ப்கிரவுண்ட் உண்டு. அதை எடுத்தால் பிள்ளைகள் ஓடி விளையாடவும் இடம் தாராளம். வாய்ப்பாட்டாக அந்தாக்ஷரி பாடுங்கள், பத்தரைக்கு முடித்துவிடுங்கள்.

கார் இல்லை, சைக்கிள் மட்டும்தான். எங்காவது போக முடியுமா? (பல்கலைக்கழக மாணவர்)

உங்களுக்குத்தான் இந்த ஊரில் யோகம். மேடிசனிலிருந்து வெரோனா, மவுன்ட் ஹோரெப் வழியாக டாட்ஜ்வில் வரை மிலிட்டரி ரிட்ஜ் ட்ரெயில் என்ற சைக்கிள் பாதை போகிறது. பழைய ரயில் பாதை என்பதால் ஏற்றம் மெதுவாகத்தான் வரும். ப்ளூ மவுண்ட் ஸ்டேட் பார்க்கில் சைக்கிளில் வருகிறவர்களுக்கென்றே தனி இடங்கள் வைத்திருக்கிறார்கள். 16 வயது நிரம்பியவர்களுக்கு ட்ரெயில் பாஸ் வேண்டும், வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் தண்ணீரில்தான் இருப்பார்கள். எந்த ஏரி நல்லது? (மெக்ஃபார்லண்ட்)

கோடை நடுவில் மேடிசன் ஏரிகளிலும் கெகான்சாவிலும் நீலப்பச்சைப் பாசி படர்வது உண்டு. தண்ணீர் பச்சைப் பெயின்ட் கொட்டியது போலத் தெரிந்தால் கால்கூட நனைக்க வேண்டாம், நாயையும் விடாதீர்கள். நீந்துவதற்காகவே போகிறீர்கள் என்றால் கவர்னர் டாட்ஜ். இரண்டு ஏரி, இரண்டிலும் மணல் கரை, நடந்து போனால் ஒரு சின்ன அருவியும் உண்டு. டெல்ஸ் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே மிரர் லேக் இருக்கிறது. அங்கே மோட்டார் படகுகள் மெதுவாகத்தான் போக வேண்டும் என்பதால் பிள்ளைகளோடு கயாக் விட ரொம்ப ஏற்ற இடம். ஸ்டேட் பார்க் கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது. கண் எடுக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவரை முறை வைத்து நியமியுங்கள்.

இடி மழை வந்தால்? (ஃபிட்ச்பர்க்)

டென்ட் மின்னலிலிருந்து காப்பாற்றாது. முதல் இடி கேட்டதும் காருக்குள் போய்விடுங்கள். சூறாவளி எச்சரிக்கை வந்தால் கார் போதாது, உறுதியான கட்டடத்துக்குள் போக வேண்டும். பதிந்துகொள்ளும்போதே "புயல் வந்தால் எங்கே போக வேண்டும்?" என்று அலுவலகத்தில் கேட்டு, அந்த இடத்தைப் பகலிலேயே நடந்து பார்த்துவிடுங்கள்.

அக்டோபரில் இலை நிறம் மாறும்போது போகலாமா? ஸ்டேட் பார்க்குக்குள் வண்டி நுழைவதற்கான ஸ்டிக்கர் தனியாக வாங்க வேண்டுமா? (மிடில்டன்)

தாராளமாகப் போகலாம். கொசு இருக்காது. வாரநாளில் கூட்டமும் குறைவு. என்னைக் கேட்டால் அந்த மாதத்துக்குக் கொஞ்சம் தூரமானாலும் வயலூசிங் ஸ்டேட் பார்க் போங்கள், இரண்டு மணி நேரப் பயணம். விஸ்கான்சின் ஆறு மிசிசிப்பியில் கலப்பதை மேட்டிலிருந்து பார்க்கலாம். அங்கே பூர்வகுடிகள் எழுப்பிய பழமையான மண்மேடுகள் இருக்கின்றன. அவை அவர்களின் புனித இடங்கள், பிள்ளைகளை மேலே ஏற விடாதீர்கள். இரவில் உறைநிலை வரை இறங்கும், குளிர் தரையிலிருந்துதான் ஏறும். அதனால் போர்வையை விட அடியில் போடும் பாய் தடிமனாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயையும் ஷவரையும் குளிர் காலத்துக்காக எப்போது மூடுகிறார்கள் என்று புக்கிங்குக்கு முன் கேளுங்கள்.

ஸ்டிக்கர் கேம்ப்சைட் கட்டணத்தில் சேராது, வண்டிக்குத் தனியாக வாங்க வேண்டும். வருட ஸ்டிக்கர் அந்தக் காலண்டர் வருஷத்துக்கு மட்டும்தான். அக்டோபரில் ஒரே ஒரு தடவைதான் போகிறீர்கள் என்றால் நாள் பாஸே போதும்.