'வார்ப்' என்ற வினை: நிலம் கோணவில்லை, வண்டல் ஏறியது

இங்கிலாந்தின் ஹம்பர் கழிமுகத்து விவசாயிகள் நிலத்தை 'வார்ப்' (warp) செய்தபின் நல்ல விளைச்சல் கண்டார்கள் என்று பழைய ஆங்கிலக் குறிப்பில் இருக்கிறது, அகராதியோ கோணுதல், நெளிதல் என்கிறது, நிலம் 'கெட்டுப்போனது' என்று எழுதிவைத்திருக்கிறேன், எப்படி மொழிபெயர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அகராதி சொல்வது மரப்பலகைக்கு. இங்கே அது இல்லை. பழைய ஆங்கிலத்தில் இந்த வினைக்கு 'எறி' என்றுதான் பொருள், ஜெர்மனில் 'வெர்ஃபன்' இன்றும் அதே பொருளில் இருக்கிறது, மரம் நெளிவதற்கும் அவர்கள் அதையே சொல்கிறார்கள். திருபுவனத்துத் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான்.

உங்கள் வரியில் வருவது தண்ணீர் எறிந்துவிட்டுப் போகும் சேறு. யார்க்‌ஷயர், லிங்கன்‌ஷயர் பக்கம் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இதை வேண்டுமென்றே செய்தார்கள்: வயலைச் சுற்றிக் கரை கட்டி, கடல் ஓதம் ஏறும்போது மதகைத் திறந்து ஆற்றின் கலங்கல் நீரை உள்ளே விட்டு, மண் படிந்ததும், ஓதம் இறங்கும் வற்றத்தில் தெளிந்த நீரை மட்டும் வெளியேற்றினார்கள். திரும்பத் திரும்பச் செய்ததில் மேட்டு வண்டல் நிலம் உருவானது.

நீங்கள் வேதாரண்யம் பக்கம் என்கிறீர்கள், நம் கடைமடையில் கடல்நீர் ஏறினால் வயல் உவராகிவிடும், அதனால்தான் 'கெட்டுப்போனது' என்று எழுதத் தோன்றியிருக்கும். அதை மாற்றிவிடுங்கள். "ஓத நீரைப் பாய்ச்சி நிலத்தில் வண்டல் படியவைத்தார்கள்" என்று போட்டால் சரியாக இருக்கும். அதே குறிப்பில் கப்பலை 'வார்ப்' செய்ததாக வந்தால் அது வேறு, கரையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக் கப்பலை இழுப்பது.