ஈயம் வச்சு ஒட்டாம செம்பும் பித்தளையும் சேர்த்து மாலைக்குக் கோக்கிற மணி செய்யேலுமா?

ஈயம் உருக்கி ஒட்டுற சாமான் ஒண்டும் வீட்டில இல்லை, ஒரு பாதி செம்பும் மற்றப் பாதி பித்தளையுமா மாலை மணி செய்யேலுமா எண்டு கேட்டிருக்கிறீங்கள். வடிவா ஏலும். நான் திருகோணமலையில வீட்டு விறாந்தையில இருந்து மூண்டு வருசமா இதைத்தான் செய்யிறன், ஒரு மணிக்கும் ஈயம் வச்சதில்லை.

அரை மில்லிமீற்றர் தகட்டில செம்பு வட்டம் ஒண்டு, பித்தளை வட்டம் ஒண்டு, 16 மில்லிமீற்றர் அகலத்துக்கு வெட்டுங்கோ. காஸ் அடுப்பில குறட்டால பிடிச்சு மங்கின சிவப்பு வரும்வரை காட்டோணும், பகல் வெளிச்சத்தில அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, அதால நான் பொழுதுபட்ட பிறகுதான் சூடாக்கிறது. செம்பை உடனே தண்ணியில போடலாம், பித்தளையைக் கொஞ்சம் ஆறவிட்டுப் போடுங்கோ. பிறகு மரக்கட்டையில குழி தோண்டி, ஓட்டோ கராஜில வாங்கின பழைய பெயரிங் குண்டை, குழியில வச்ச வட்டத்துக்கு மேல வச்சுத் தட்டினா கிண்ணம் மாதிரி வரும். தட்டத் தட்ட உலோகம் இறுகும், சத்தமும் மாறும், 'ணங்' எண்டு கேக்கத் தொடங்கினா நிப்பாட்டிப்போட்டு திரும்பச் சூடாக்குங்கோ, இல்லாட்டி விளிம்பு வெடிக்கும்.

ரெண்டு கிண்ணத்தின்ர வாயையும் கண்ணாடியில ஒட்டின அரத்தாளில தேச்சு சமனாக்கி, ஒவ்வொண்டின்ர அடி நடுவிலயும் ஓட்டை போட்டு, வாயோட வாய் சேர்த்து வச்சு, ஃப்ரிட்ஜ் திருத்துற கடையில கிடைக்கிற மெல்லிய செம்புக் குழாயை இறுக்கமா விடுங்கோ. ரெண்டு பக்கமும் ஒரு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவா நீட்டிக்கொண்டு நிக்கோணும், கூடினா விரியேக்க கிழியும், குறைஞ்சா பிடிக்காது. குழாய் வாயில கூர் ஆணியை வச்சு மெதுவா ரெண்டு தட்டு, பிரட்டிப்போட்டு மற்றப் பக்கம் ரெண்டு தட்டு, இப்பிடி மாறி மாறித் தட்டினா வாய் பூ மாதிரி விரிஞ்சு ரெண்டு கிண்ணத்தையும் கவ்விப் பிடிச்சிடும். அந்தப் பிடிதான் மணியின்ர உயிர், அவசரப்படாதீங்கோ.

இன்னொண்டு, மலிவெண்டு அலுமினியத்தைச் செம்போட சேர்க்காதீங்கோ. எங்கட கடல் காத்தில உப்பு ஈரம் படேக்க ரெண்டு உலோகத்துக்கும் இடையில மின்சாரம் ஓடி அலுமினியம்தான் அரிச்சுப் போகும். நான் செய்த ஒரு மாலையில சேர்ந்த இடமெல்லாம் வெள்ளைத் தூளா வந்தது, முழுக்கக் கழட்டிப் போட்டிட்டன். செம்பும் பித்தளையும் கிட்டத்தட்ட ஒரே குணம், அந்தக் கரைச்சல் இல்லை. ஆனா ரெண்டும் கறுக்கும், தேசிக்காய்ப் பாதியில உப்புத் தொட்டுத் தேச்சு, நல்ல தண்ணியில கழுவி, ஈரம் போகத் துடைச்சு வையுங்கோ.