பிள்ளைகளை எந்த வயதில் தனியாகப் பயணம் அனுப்பலாம்?

உங்கள் மகனுக்கு 11 வயது, பாளையங்கோட்டையிலிருந்து தென்காசியில் இருக்கும் அத்தை வீட்டுக்குத் தனியாகப் போகிறேன் என்கிறான், எந்த வயதில் இப்படி அனுப்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பாளைதான், பெருமாள்புரம் பக்கம். மகள் கல்லூரியில் படிக்கிறாள், மகன் எட்டாம் வகுப்பு. இரண்டு பேரையும் சின்ன வயதிலிருந்தே பஸ்ஸிலும் ரயிலிலும் தனியாக அனுப்பிப் பழக்கியிருக்கிறோம். அதை வைத்துச் சொல்கிறேன்.

எந்த வயது என்பதற்கு என்னிடம் ஒரே எண் கிடையாது. ஒரு பிள்ளை ஒரு வழிக்குத் தயாராக இருக்கும், இன்னொரு வழிக்கு இருக்காது. என் மகள் ஆறாம் வகுப்பிலேயே டவுன் பஸ்ஸில் கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்குப் போய் வந்தாள். அதே வயதில் வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் வெளியூர் பஸ் பிடிக்க அவளைத் தனியாக நிற்க விட்டிருக்க மாட்டேன். தூரத்தைவிட நான் கவனிப்பது வேறு விஷயம். நினைத்தபடி நடக்காமல் போனால் பிள்ளை தானாக யோசித்து ஒரு முடிவு எடுக்குமா? பஸ் வேறு வழியில் திரும்பிவிடலாம், கூட்டத்தில் இறங்க முடியாமல் போகலாம், கூப்பிட வருகிறேன் என்ற சித்தப்பா வராமல் போகலாம். வழியைச் சீக்கிரம் மனப்பாடம் செய்துவிடுவார்கள். வழி மாறும்போது என்ன செய்வது என்பதற்குத்தான் பழக்கம் வேண்டும். எல்லாவற்றையும் நாமே சொல்லிச் சொல்லி நடத்தினால் அந்தப் பழக்கம் வராது.

நாங்கள் பழக்கிய விதம் இதுதான். ஒரே பஸ்ஸில் போவோம். ஆனால் பிள்ளை முன்பக்கம், நான் பின்பக்கம். எந்த பஸ் என்று போர்டு பார்ப்பது, கண்டக்டரிடம் பேசுவது, இறங்குவது எல்லாம் பிள்ளையின் பொறுப்பு. நான் வாயே திறக்கக் கூடாது. இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனாலும் பேசாமல் கூடவே போக வேண்டும். பெற்றவர்களுக்கு இதுதான் கஷ்டம், நாக்கு நுனி வரைக்கும் வந்துவிடும். பாளை பஸ் ஸ்டாண்டில் ஏறினால் முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், அப்புறம் ஆற்றுப்பாலம், பாலம் தாண்டினால் திருநெல்வேலி ஜங்ஷன். 1843-ல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலத்தை எங்கள் வீட்டில் எல்லைக்கோடாக வைத்திருந்தோம். கொக்கிரகுளத்தில் இறங்க வேண்டிய பிள்ளை தாமிரபரணித் தண்ணீரைப் பார்த்துவிட்டால் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். பதற வேண்டாம், ஜங்ஷனில் இறங்கு, எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸைக் கேட்டு ஏறு. இதை வேண்டுமென்றே ஒரு நாள் செய்தும் பார்த்தோம். இடத்தைத் தவறவிட்டு, கேட்டு விசாரித்துத் திரும்பி வந்த அன்றைக்கு மகள் முகத்தில் இருந்த தெளிவு, சரியாகப் போய் வந்த நாட்களில் இருந்ததில்லை.

ரயிலுக்கும் இதே மாதிரி ஒரு பழக்கம் உண்டு. இறங்க வேண்டிய ஸ்டேஷனை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாது, அதற்கு முந்தியதும் பிந்தியதும் தெரிய வேண்டும். என் அம்மா கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறார்கள். செங்கோட்டை ரயிலில் சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், அடுத்தது கல்லிடை. வீரவநல்லூர் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் வந்துவிட வேண்டும். வண்டி நின்ற பிறகுதான் இறங்க வேண்டும். நகர ஆரம்பித்துவிட்டால் எந்தக் காரணத்துக்காகவும் குதிக்கக் கூடாது. அடுத்தது அம்பாசமுத்திரம், ஆற்றுக்கு அந்தக் கரை, அவ்வளவுதான். அங்கே இறங்கி ஆச்சிக்குப் போன் செய்தால் ஆட்டோ பிடித்து வந்துவிடுவார்கள். ஸ்டேஷனைத் தவறவிட்டால் திட்டு விழும் என்று பயப்படுகிற பிள்ளைதான் ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கும். அதனால் தவறவிட்டால் ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அப்படியே நடந்துகொள்ளுங்கள்.

வெளியூர் பஸ் இதைவிடச் சிக்கல். நாகர்கோவில் போகிற எல்லா பஸ்ஸும் நாங்குநேரி, வள்ளியூர் ஊருக்குள் போவதில்லை, பைபாஸிலேயே போய்விடுகிறவை உண்டு. அம்பாசமுத்திரத்துக்குச் சேரன்மகாதேவி வழியும் இருக்கிறது, முக்கூடல் வழியும் இருக்கிறது. போர்டில் ஊர்ப் பெயர் இருந்தால் மட்டும் ஏறிவிடக் கூடாது, ‘அண்ணாச்சி, இந்த வண்டி ஊருக்குள்ள போகுமா, எந்த வழி?’ என்று சத்தமாகக் கேட்டுவிட்டு ஏற வேண்டும். கூச்சப்படுகிற பிள்ளைக்கு இந்த ஒரு கேள்வியே பெரிய மலை. கடைக்கு அனுப்பும்போதே வாய் திறந்து கேட்டு வாங்கப் பழக்கினால் பஸ் ஸ்டாண்டில் கூச்சம் குறையும்.

யாரிடமும் பேசாதே என்று சொல்லி அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. வழியில் நாலு பேரிடம் கேட்காமல் நம் ஊரில் எப்படிப் போக முடியும்? யாரிடம் கேட்பது என்றுதான் சொல்லிக் கொடுக்க வேண்டும். கண்டக்டர், தன் கடையில் உட்கார்ந்திருக்கிற கடைக்காரர், பிள்ளையோடு வருகிற அம்மா, சீருடையில் இருக்கிற போலீஸ். நீ போய்க் கேட்டவர் வேறு, தானாக உன்னிடம் வந்து எங்கே போகிறாய், யார் வருகிறார்கள் என்று துருவுகிறவர் வேறு. இந்த வித்தியாசம் பிள்ளைகளுக்கு நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் புரிகிறது. வீட்டு நம்பர் இரண்டு மனப்பாடமாக இருக்க வேண்டும், ஒரு தாளில் எழுதிப் பைக்குள்ளும் இருக்க வேண்டும். குழந்தைகள் உதவிக்கு 1098, ரயிலுக்கு 139, இந்த இரண்டு நம்பரும் தெரிந்திருக்க வேண்டும்.

போனைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கறாரானது. ஏறியதும் ஒரு போன், இறங்கியதும் ஒரு போன், நடுவில் நாங்கள் கூப்பிட மாட்டோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எங்கே வருகிறாய் என்று கேட்டால் பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்க்காது, போனைத்தான் பார்க்கும். வழியில் சிக்னல் இல்லாவிட்டால் அதுவும் பதறும், நாமும் பதறுவோம்.

பெண் பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். ‘பொம்பளப் பிள்ளைய ஒத்தையில அனுப்பாத தாயி’ என்று என் மாமியார் சொன்னதில் அக்கறைதான் இருந்தது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டமான பஸ்ஸில் இடிப்பவர்கள், உரசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எந்தப் பெண்ணுக்கும் தெரியும். மகளிடம் மறைக்காமல் சொன்னேன்: யாராவது கை வைத்தால் அங்கேயே சத்தம் போடு, பெண்கள் பக்கம் நகர்ந்துவிடு, கண்டக்டரிடம் சொல், வீட்டுக்கு வந்து எங்களிடம் சொல். அதோடு இன்னொன்றும் சொன்னேன். நீ சொன்னாய் என்பதற்காக உன் பஸ்ஸை நிறுத்த மாட்டோம். இதைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். வீட்டில் தெரிந்தால் வெளியே விட மாட்டார்கள் என்று நினைத்து எத்தனையோ பெண் பிள்ளைகள் நடந்ததை மனதுக்குள்ளேயே பூட்டிக்கொள்கிறார்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012-ல் வந்த போக்சோ சட்டம் இருக்கிறது, தப்பு செய்தவன்தான் பயப்பட வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானது எங்கள் வீட்டில் பெரிய மாற்றம். லைப்ரரிக்கும் தோழி வீட்டுக்கும் போய்வரக் காசு கேட்டு நிற்க வேண்டிய அவசியம் மகளுக்கு இல்லாமல் போனது.

பையன்தானே, பயமில்லை என்று சொல்வதும் நம் பக்கத்தில் சரிப்படாது. பள்ளிக்கூடப் பையன்களுக்குள் சாதிச் சண்டை எப்படிப் புகுந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிறைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. என் மகனிடம் கறாராகச் சொல்லியிருக்கிறேன்: கயிறு கட்டாதே, எவனையும் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்காதே, உன்னை யாராவது அப்படிக் கேட்டுச் சீண்டினால் பதில் பேசாமல் கண்டக்டர் பக்கத்தில் போய் நில், தேவைப்பட்டால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடு. படியில் தொங்குவதும் கூடாது. உள்ளே இடமில்லை என்றால் அடுத்த பஸ்ஸில் வா, எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பஸ்ஸில் தனியாக அனுப்பப் பயப்படுகிற வீடுகளிலேயே 14 வயதுப் பையன் கையில் ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கிறார்கள். டியூஷன் பக்கத்தில்தானே என்கிறார்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதற்குப் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும், பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. சட்டம் இருக்கட்டும், வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை போவதைப் பார்க்கும்போது எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. பஸ்ஸில் போகப் பழகிய பிள்ளைக்கு இந்த அவசரம் வராது. சைக்கிள் கொடுங்கள், முதலில் உள் தெருக்களில் ஓட்டட்டும்.

மழைக்காலத்துக்கு எங்கள் வீட்டில் தனிச் சட்டம். ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருட்டிக்கொண்டு வந்தால் போன இடத்திலேயே தங்கிவிட வேண்டும், மறுநாள் பரீட்சையாக இருந்தாலும் சரி. 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் சிக்கி நின்றபோது, சுமார் 800 பேர் அங்கே மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து ஊர் மக்கள்தான் சமைத்துப் போட்டார்கள். அன்றைக்கு இங்கே எந்த ரோடு இருக்கிறது, எது அறுந்தது என்று யாருக்குமே தெரியாது. வழியில் எந்தெந்த ஊரில் யார் வீடு இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிந்திருப்பது அப்போதுதான் உதவும். ஆறும் அப்படித்தான். ஆச்சி வீட்டுக்குப் போகலாம், படித்துறைக்குப் பெரியவர்கள் இல்லாமல் போகக் கூடாது. நீச்சல் தெரிந்தாலும் கூடாது.

ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும் என்று கேட்கலாம். பாளையில் எத்தனையோ பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை வேனிலும் ஆட்டோவிலுமே போய் வருகிறார்கள். அடுத்த மாதமே நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றி சென்னைக்கோ, பஸ்ஸில் கோயம்புத்தூருக்கோ படிக்க அனுப்புகிறோம். ஒரு ரோடுகூடத் தனியாகக் கடக்காத பிள்ளை எழும்பூரில் விடிகாலையில் இறங்கி நிற்கிறது. பழகுவதற்கு இங்கேயே, தெரிந்த முகங்களுக்கு நடுவிலேயே ஏழெட்டு வருடம் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்?

சரி, உங்கள் மகன் விஷயம். 11 வயதுக்குத் தென்காசி முடியாத காரியமில்லை, ஆனால் அது முதல் பயணமாக இருக்க வேண்டாம். டவுன் பஸ்ஸில் ஜங்ஷன் வரை தனியாகப் போய்வரட்டும். அது சாதாரணமான பிறகு தென்காசியை யோசியுங்கள். ஆலங்குளம் வழி பஸ்ஸைவிட முதல் தடவைக்கு ரயில் நல்லது. நிற்கிற இடங்கள் மாறாது, கூட்டத்திலும் நடமாட இடம் இருக்கும். ஒரு தடவை நீங்கள் கூடப் போங்கள், அவனை முன்னால் விட்டு. பாவூர்சத்திரம் வந்ததும் எழுந்துவிட வேண்டும், கீழப்புலியூர் தாண்டினால் தென்காசி, தவறவிட்டால் செங்கோட்டையில் வண்டி முடிந்துவிடும், அங்கே இறங்கி பிளாட்பாரத்திலேயே நின்று அத்தைக்குப் போன் செய்ய வேண்டும். இது அவன் வாயிலிருந்து வரட்டும், நீங்கள் கேளுங்கள். காலை வண்டியில் அனுப்புங்கள், அத்தை பிளாட்பாரத்தில் நிற்கட்டும், இருட்டுவதற்குள் திரும்புகிற மாதிரி பாருங்கள். 12 வயது ஆகாததால் அரை டிக்கெட்தான். கவுண்ட்டரில் அவனே வரிசையில் நின்று கேட்டு வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணிப் பார்த்து வாங்கட்டும். நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.