கவிதையை நாடகமாக்குவோர் கேள்வி பதில்

கேள்வி: 45 நிமிட நிகழ்வுக்கு எத்தனை அடிகள் வேண்டும்?

நாற்சீர் அடி (நான்கு சீர் கொண்ட கவிதை வரி) ஒன்றைத் தெளிவாகச் சொல்ல ஏறத்தாழ 4 விநாடி ஆகும். அசைவு, மௌனம், காட்சி மாற்றம் எல்லாம் சேர்த்தால் 350 அடிகள் போதும். 600 அடிகளைத் திணித்தால் நடிகர் ஓடுவார், பார்வையாளர் பின்தங்குவார்.

கேள்வி: அனுமதி யாரிடம் வாங்குவது?

இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டுகள். பாரதிக்குத் தடையில்லை. 1964-ல் மறைந்த பாரதிதாசனுக்கும் 2024 முடிவோடு காலம் முடிந்தது. வாழும் கவிஞரிடம் எழுத்தில் வாங்குங்கள். நூலாக வெளியிடும் உரிமை வேறு, மேடையேற்றும் உரிமை வேறு. இரண்டாவது யாரிடம் இருக்கிறது என்று கவிஞரிடமும் பதிப்பகத்திடமும் கேளுங்கள். மொழிபெயர்ப்பென்றால் மொழிபெயர்ப்பாளரிடமும் தனியாக வாங்க வேண்டும்.

கேள்வி: வரிகளுக்கு அடியில் பதிவுசெய்த இசை ஓடலாமா?

வேண்டாம். மெல்லின ஒற்றுகளும் ல, ழ, ள வேறுபாடும்தான் முதலில் அமுங்கும். இசை வரிகளுக்கு இடையில் வரட்டும்.

கேள்வி: அடி முடிவில் நிறுத்த வேண்டுமா, பொருள் முடிவிலா?

இதில்தான் பாதி நாடகம் கெடுகிறது. ‘கற்க கசடறக் கற்பவை கற்றபின் / நிற்க அதற்குத் தக’ என்ற குறளைப் பாருங்கள். முதலடி முடிவில் குரலை இறக்கினால் ‘கற்றபின்’ முன் வாக்கியத்தோடு ஒட்டிக்கொள்ளும், ‘நிற்க’ அநாதையாகிவிடும். மூச்சை ‘கற்பவை’ முடிந்ததும் எடுங்கள். ‘கற்றபின்’னில் சுருதியை இறக்காமல் ‘நிற்க’வுக்குக் கடத்துங்கள். கடைசியில் ‘தக’ விழுந்துவிடும், பின்வரிசைக்கு எட்டாது. அதற்குக் கொஞ்சம் மூச்சை மிச்சம் வையுங்கள்.

கேள்வி: அப்படிச் சொன்னால் யாப்பே போய்விடுமே! உரைநடையாகத்தானே கேட்கும்?

போகாது. எதுகையும் மோனையும் தளையும் (சீரோடு சீர் இணையும் முறை) எழுத்திலேயே இருக்கின்றன, நிறுத்தத்தில் இல்லை. ‘கற்க, கற்பவை, கற்றபின்’ என்று மோனை காதில் விழத்தான் செய்கிறது. ஆனால் உங்கள் அச்சத்தில் ஒரு நியாயம் உண்டு. சிந்து, கண்ணி போன்ற சந்த வடிவங்களில் தாளம்தான் முதுகெலும்பு, அங்கே அடி முடிவைக் கரைக்கக் கூடாது. ஒத்திகையில் ஒருமுறை சீர் பிரித்துத் தாளம் தட்டுங்கள், அடுத்த முறை பதம் பிரித்துச் சொல்லுங்கள். இரண்டையும் அறிந்த நாவுதான் மேடைக்கு வேண்டும்.

கேள்வி: பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் குழம்புகிறது.

‘க்’, ‘ட்’, ‘த்’ ஒற்றுகள் பத்து இடத்தில் வெடிக்கின்றன. ஒருவர் மட்டும் அழுத்தட்டும், மற்றவர்கள் மென்மையாகச் சொல்லட்டும். மூச்சுக்கும் அவரே தலைவர்.

கேள்வி: காலர் மைக் எங்கே?

மோவாய்க்குக் கீழே ஒரு சாண். நடிகர் அதிகம் திரும்பும் பக்கமாகக் குத்துங்கள்.

கேள்வி: மென்மையான புல்லாங்குழல் மட்டும் பின்னணியில்...

மூன்றாவது கேள்விக்கான பதிலைப் படியுங்கள். புல்லாங்குழலும் இசைதான்.

கேள்வி: உடை, ஒப்பனை?

அந்தத் துறையினரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஒளிக்குறிப்பு, அதாவது விளக்கை மாற்றச் சொல்லும் குறிப்பு, தாமதமாகிறது.

அடி எண்ணைக் குறிக்காமல் சொல்லைக் குறியுங்கள். இரண்டு அடி முன்னதாக ‘தயார்’, குறித்த சொல்லின் முதல் அசையில் ‘போடு’.