அண்ணன் குடும்பத்தோடு வெளிநாட்டுச் சுற்றுலா: செலவில் பாதி எங்கள் தலையிலா?

கேள்வி: நான், கணவர், 5 வயது மகள், 15 மாத மகன். இன்னும் 9 மாதத்தில் மாமனார், மாமியார், கணவரின் அண்ணன் குடும்பம் (அவர், மனைவி, 14 வயது மகன்) எல்லோரும் சேர்ந்து பத்து நாள் வெளிநாடு போவதாகப் பேச்சு. மொத்தச் செலவை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம், அப்பா அம்மா செலவும் அதிலேயே அடங்கட்டும் என்கிறார் அண்ணன். எங்கள் வீட்டில் இரண்டு பேர் சின்னக் குழந்தைகள், அவர் வீட்டிலோ மூன்றும் முழு டிக்கெட். பாதி எப்படி நியாயம்? அவர் வருமானம் எங்களைப் போல இரண்டு மடங்கு. அவசரத்துக்கென்று 5 மாதச் செலவுக்கான பணம் வைத்திருக்கிறோம். அதை எடுக்கலாம், இல்லாவிட்டால் கிரெடிட் கார்டில் போட்டு இஎம்ஐ கட்டலாம் என்கிறார் கணவர்.

பதில்: முதலில் அந்தப் பாதிக் கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் கோபம் அங்கேதான் இருக்கிறது. பெரியவர் டிக்கெட் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பல விமான நிறுவனங்களில் 2 முதல் 11 வயது வரை சுமார் 75, மடியில் உட்காரும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சுமார் 10 வாங்குவார்கள் (மலிவு விலை நிறுவனங்கள் 2 வயது முடிந்தாலே முழுக் கட்டணம் கேட்பதுண்டு). உங்கள் வீட்டுக்கு 285, அண்ணன் வீட்டுக்கு 300, மாமனார், மாமியார் இருவருக்கும் 200, ஆக மொத்தம் 785. பாதி என்றால் 392.50. அவரவர் டிக்கெட்டை அவரவர் எடுத்து, மாமனார், மாமியார் டிக்கெட்டை மட்டும் சமமாகப் பிரித்தால் உங்கள் பங்கு 385. வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பாருங்கள். 9 மாதம் கழித்து உங்கள் மகனுக்கு 2 வயது நிறைகிறது. பயணத்தின் நடுவில் பிறந்தநாள் வந்தால் திரும்பி வரும்போது அவனுக்குத் தனி இருக்கை வாங்கியாக வேண்டும். சில நிறுவனங்களில் போக, வர இரண்டுக்குமே குழந்தைக் கட்டணம்தான். அப்படி அவனுக்கும் 75 ஆகிவிட்டால் மொத்தம் 850, பாதி 425, ஆனால் தனித்தனியாகப் போட்டால் உங்கள் பங்கு 450. அதாவது பாதிக் கணக்கு உங்களுக்குத்தான் லாபம்! பயணத்தை மூன்று நான்கு வாரம் முன்னால் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள், டிக்கெட்டில் நல்ல பணம் மிஞ்சும். நீண்ட தூரம் என்றால் மட்டும் யோசியுங்கள், கிட்டத்தட்ட 2 வயதுப் பிள்ளையைப் பல மணி நேரம் மடியில் வைத்திருப்பது லேசான காரியமில்லை.

ஆக, பிரிக்கிற முறையில் பிரச்சினை இல்லை. எதைப் பிரிக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. எந்த ஓட்டல், எத்தனை நாள், எந்த ஊர் என்பதையெல்லாம் இரண்டு மடங்கு சம்பாதிக்கிறவர் தன் வசதிப்படி தீர்மானித்துவிட்டு, பிறகு அதில் பாதியை உங்களிடம் கேட்டால் நீங்கள் எங்கே போவீர்கள்? கூட்டுக் குடும்பமாகப் போகும் பயணத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது கையில் குறைவாக இருக்கும் வீடு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உங்கள் அளவு எது? மாதாமாதம் சிரமமில்லாமல் எவ்வளவு ஒதுக்க முடியுமோ அதை 9ஆல் பெருக்குங்கள், அதில் 15 சதவீதத்தை எதிர்பாராத செலவுக்கென்று கழித்துவிடுங்கள். மிச்சம்தான் உங்கள் உச்சவரம்பு. 9 மாதத்தில் தேவைப்படும் பணம் என்பதால் இதைப் பங்குச் சந்தைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், தொடர் வைப்பு (மாதாமாதம் வங்கியில் கட்டிச் சேர்ப்பது) போன்ற ஒன்றில் இருக்கட்டும். அவசரப் பணத்தைத் தொடவே வேண்டாம். இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு 5 மாதம் என்பதே எனக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் படுகிறது. இஎம்ஐயும் வேண்டாம். பயணம் முடிந்து ஒரு வருடம் வட்டியோடு கட்டிக்கொண்டிருக்கும்போது மகளின் பள்ளிக் கட்டணமும் வந்து நிற்கும்.

அந்த உச்சவரம்பை உங்கள் கணவரே அண்ணனிடம் சொல்லட்டும், ஓட்டல் பேச்சு தொடங்கும் முன்பே. "எங்களால் இவ்வளவுதான் முடியும், இதற்குள் திட்டமிடலாமா?" என்று நேராகக் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை. பத்து நாளுக்குப் பணம் போதாது என்றால் அவர்கள் பத்து நாள் இருக்கட்டும், நீங்கள் ஆறு நாள் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். அல்லது மாமனார், மாமியார் செலவை மட்டும் வருமான விகிதப்படி அவர் இரண்டு பங்கு, நீங்கள் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

டிக்கெட் தேடும்போது 9 பேருக்கும் ஒரே தடவையில் தேடாதீர்கள். குறைந்த கட்டணத்தில் 4 இருக்கைதான் மிச்சம் என்றால், பல சமயம் 9 பேருக்குமே அடுத்த உயர்ந்த கட்டணத்தைக் காட்டிவிடும். வீடு வீடாகத் தனித்தனியே தேடிப் பாருங்கள், எடுப்பதும் அப்படியே எடுங்கள், ஆனால் பிள்ளைகள் பெற்றோருடைய பதிவிலேயே இருக்க வேண்டும். ஒரு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து பயணம் நின்றாலும் மற்றவர்கள் டிக்கெட்டில் கை வைக்க வேண்டியிருக்காது. அதே காரணத்துக்காகத்தான், கொஞ்சம் கூடுதலாக ஆனாலும் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாக எடுக்கச் சொல்கிறேன்.

பயணக் காப்பீட்டை டிக்கெட் எடுக்கும் நாளிலேயே எடுத்துவிடுங்கள், கிளம்பும் முன்பே ரத்தாகும் பயணத்துக்கும் பாதுகாப்பு தரும் திட்டமா என்று பார்த்து. மாமனார், மாமியாருக்கு சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய அறுவை சிகிச்சை எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் ஏறும்தான். ஆனால் மறைத்தது தெரிந்தால் காப்பீடு கைவிட்டுவிடும், வெளிநாட்டில் ஒரு வார ஆஸ்பத்திரிச் செலவு இரண்டு வீட்டுச் சேமிப்பையும் சேர்த்து விழுங்கக்கூடியது.

மகளின் பாஸ்போர்ட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். பல நாடுகளில் குழந்தைகளுக்கு 5 வருடப் பாஸ்போர்ட்தான் கொடுக்கிறார்கள், கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்தது என்றால் காலாவதி நெருங்கியிருக்கும். போகும் நாட்டுக்குள் நுழைய இன்னும் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்ற விதி நிறைய இடங்களில் உண்டு.

அங்கே போனதும் கார்டு மெஷின் உங்கள் நாட்டுப் பணத்திலா, அந்த நாட்டுப் பணத்திலா என்று கேட்டால் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விகிதம் பெரும்பாலும் மோசமாக இருக்கும். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கவே எடுக்காதீர்கள், வட்டி பெரும்பாலும் அன்றைக்கே ஓடத் தொடங்கிவிடும். சாப்பாடு, டாக்சிக்கு இரண்டு வீடும் போட்ட ஒரு பொதுப் பை வைத்துக்கொண்டு அன்றன்றைய கணக்கை அன்றிரவே முடித்துவிடுங்கள்.

அப்புறம், "மிச்சத்தை நான் போடுகிறேன், நீங்கள் வாருங்கள்" என்று அண்ணன் சொல்லக்கூடும். அவர் அன்பளிப்பு என்று வாய்விட்டுச் சொன்னால் மனநிறைவோடு வாங்கிக்கொள்ளுங்கள். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால் அது கடன். அப்போது எவ்வளவு, எந்த மாதத்துக்குள் என்று டிக்கெட் எடுக்கும் முன்பே பேசி, இருவர் போனிலும் இருக்கும்படி ஒரு மெசேஜாக எழுதி அனுப்பிவிடுங்கள்.