தண்ணீர் லாரி அக்காவை ஏன் கூப்பிடவில்லை?

கேள்வி: எனக்கு 27 வயது. ராமேஸ்வரம் ஓரத்தில் உள்ள ஒரு மீனவர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன். மதுரையில் சமூகப்பணி படித்தேன். இப்போது ராமநாதபுரத்தில் அறை எடுத்துத் தங்கி, எங்கள் கத்தோலிக்கப் பங்கின் (ஊர்த் திருச்சபையின்) சமூகப் பணிக்குழுவில் வேலை செய்கிறேன். போன வருடம் எங்கள் குடியிருப்பில் மூன்று நாள் தலைமைப் பயிற்சி முகாம் நடத்தினோம். சென்னையிலிருந்து பேச்சாளர்கள் வந்தார்கள், 30 இளைஞர்கள் சான்றிதழ் வாங்கினார்கள். நன்றாகப் பேசிய ஏழெட்டுப் பேர் இன்று சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். தெருவில் ஒரு மாற்றமும் இல்லை. தண்ணீர் லாரி வந்தால் இன்னும் சண்டைதான். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அக்கா வந்து நின்று குடங்களை வரிசை பிரித்தால்தான் அடங்கும். 'எல்லாம் மதம் மாற்றத்தான்' என்று பக்கத்துத் தெருவில் பேச்சு வேறு. நிதி கொடுப்பவர்கள் இந்த வருடமும் முகாம் நடத்தச் சொல்கிறார்கள். நடத்தலாமா?
– பெயர் வேண்டாம், ராமேஸ்வரம்

பதில்: தம்பி, கடிதத்தில் போகிற போக்கில் ஒரு அக்காவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த 30 பேரில் அவர் ஏன் இல்லை? வயது கூடிவிட்டது, கையெழுத்துப் போடத் தெரியாது, மைக்கைப் பிடித்தால் பேச்சு வராது என்று விட்டிருப்பீர்கள். ஆனால் கைகலப்புக்குப் போகும் கூட்டத்தை எந்தப் பதவியும் இல்லாமல் நிறுத்துகிறவர் அவர்தானே? யார் வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள், யார் கருவாட்டு வேலைக்கு ஓடவேண்டும், யார் இரண்டு குடத்தை முன்னால் தள்ளி ஏமாற்றுகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரு அவர் பேச்சைக் கேட்கிறது. சென்னைப் பேச்சாளர் மூன்று நாளில் சொல்லிக்கொடுக்க முயன்றது இதைத்தான்.

ஏழைக் குடியிருப்புகளில் கிறிஸ்தவ சமூக மேம்பாட்டு வேலை என்றாலே ஜான் பெர்கின்ஸ் பெயர் வரும். அமெரிக்காவின் மிசிசிப்பியில் 1930-ல் பிறந்த கறுப்பினத்தவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. 1946-ல் அவருடைய அண்ணனை ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். பெர்கின்ஸ் கலிஃபோர்னியாவுக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டார். அங்கேயே இருந்திருக்கலாம். 1960-ல் மனைவி பிள்ளைகளோடு மிசிசிப்பிக்கே திரும்பினார். வேதபாட வகுப்பில் ஆரம்பித்த வேலை குழந்தைகள் காப்பகம், கூட்டுறவு, கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பது என்று விரிந்தது. 1970-ல் பிராண்டன் ஊர்ச் சிறையில் அவரைச் சாகும் அளவுக்கு அடித்தார்கள். 1989-ல் அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து ஆரம்பித்த சங்கம்தான் இன்று அங்கே இந்த வேலைக்கு அடையாளம்.

அந்த வட்டாரத்தில் ஒரு கணக்கு சொல்வார்கள். ஒரு தெருவைத் தூக்கி நிறுத்த மூன்று வகை ஆட்கள் வேண்டும்: வெளியிலிருந்து வந்து குடியேறுகிறவர், படித்து முடித்துத் திரும்பி வருகிறவர், போக வழியிருந்தும் போகாமல் அங்கேயே இருந்தவர். உங்கள் முகாம் இந்த மூன்றிலும் சேராத நான்காவது வகையைத்தான் உருவாக்கியது, தெருவை விட்டுக் கிளம்பத் தயாரானவர்களை. அவர்களைக் குறை சொல்லவில்லை. வீட்டில் கடன் இருக்கும், கல்யாணத்துக்குத் தங்கை இருப்பாள், போகத்தான் செய்வார்கள். ஆனால் தெருவுக்கான பயிற்சியைத் தெருவில் இருக்கப்போகிறவர்களுக்குத்தானே கொடுக்கவேண்டும்?

மிசிசிப்பி தூரமென்றால் பாம்பனுக்குப் போய்வாருங்கள். சின்னப்பாலத்துப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறவர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்காவான பிறகு, பாசி எடுக்கப் போவதே வனத்துறையோடு தகராறாயிற்று. அந்தப் பெண்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டு, அதைக் காட்டி அதிகாரிகளிடம் பேசினார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய லட்சுமிக்கு 2015-ல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. சிறு வயதிலேயே கடலில் இறங்கியவர் அவர். உங்கள் முகாமுக்கு விண்ணப்பம் போட்டிருந்தால் கல்வித் தகுதி என்ற கட்டத்திலேயே திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் அந்த அக்காவையும் அவரைப் போல நாலைந்து பேரையும் தேடுங்கள். சாவு வீட்டில் முதலில் போய் நிற்பவர், சீட்டுப் பணத்தை ஒரு ரூபாய் பிசகாமல் வைத்திருப்பவர், போலீஸ் ஸ்டேஷனுக்குத் துணைக்குக் கூப்பிடப்படுபவர். ஒவ்வொருவரோடும் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். அக்கா சொல்லட்டும், பிளஸ் டூ படித்த பெண் எழுதட்டும். ஒரு வருடத்தில் இரண்டு பேருமே தேறிவிடுவார்கள்.

பாடம் தண்ணீரிலிருந்தே தொடங்கட்டும். எத்தனை நடை லாரி வரவேண்டும், எத்தனை வருகிறது? வாசலில் ஒரு காலண்டரை மாட்டி, வந்த நாளையும் நேரத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் நகராட்சிக்கு ஒரு மனு. 10 ரூபாய் கட்டணம், 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். அந்தப் பதிலையும் காலண்டரையும் எடுத்துக்கொண்டு கவுன்சிலரிடம் போகட்டும், அசையவில்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக குறைதீர்க்கும் நாளுக்குப் போகட்டும். நீங்கள் கூடப் போகலாம், பேசக்கூடாது. இதுதான் சிரமமான இடம். படித்தவனுக்கு வாய் சும்மா இருக்காது.

நேரத்தையும் கவனியுங்கள். மூன்று நாள் முகாம் என்பதே சம்பளக்காரர்களின் ஏற்பாடு. இழுவைப் படகு கடலுக்குப் போகும் நாளில் ஆண்கள் வரமாட்டார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பாசிக்குப் போகும் பெண்கள் வரமாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், ஆனால் கையில் காசு இருக்காது. அப்போது கூட்டினால் கடனைப் பற்றித்தான் பேசுவார்கள். பேசட்டுமே. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவன் மீனை அவன் சொன்ன விலைக்குத்தான் கொடுக்கவேண்டியிருக்கிறது என்பதைத் தொடாமல் என்ன தலைமைப் பயிற்சி? 1960-களில் திருவனந்தபுரம் பக்கம் மரியநாட்டில் திருச்சபை சார்பில் வந்த சமூகப் பணியாளர்கள் கிராமத்திலேயே தங்கி வேலை செய்தார்கள். அங்கே மீனவர்கள் சங்கம் வைத்து ஏலத்தையும் சேமிப்பையும் கடனையும் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வழியில் வளர்ந்த சங்கங்களின் சம்மேளனம் 1980-ல் உருவாயிற்று. அதற்கு எத்தனை வருடம் ஆயிற்று என்று பாருங்கள்.

இதற்கென்று புதிதாக அமைப்பு எதுவும் வேண்டாம். பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியங்கள் இருக்கின்றனவே. ஜெபமாலை, டீ, பிஸ்கட் என்று முடியும் கூட்டத்தில் அரை மணி நேரம் தெருக் காரியத்துக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். பங்குத்தந்தை ஆதரவு தேவைதான், ஆனால் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டாதீர்கள். ஃபாதருக்கு மாற்றல் வந்தால் நோட்டுப் புத்தகமும் கூடவே போய்விடும். கணக்கு நோட்டு தெருவில் ஒருவர் வீட்டில் இருக்கட்டும்.

மதமாற்றப் பேச்சு பற்றி: அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றும் அடுத்தடுத்து இருக்கிற கடற்கரை இது, கேட்பது நியாயம். தண்ணீர்க் குழுவில் எல்லாத் தெருவினரும் இருக்கட்டும், கூட்டம் தேவாலய வளாகத்துக்கு வெளியே நடக்கட்டும், டியூஷனுக்கு வரும் பிள்ளையை ஜெபத்துக்கு உட்காரவைக்காதீர்கள். உங்கள் விசுவாசத்தை மறைக்கவும் வேண்டாம். யாராவது கேட்டால் சொல்லுங்கள். அப்புறம், பெர்கின்ஸ் ஒப்புரவு, அதாவது பிரிந்து கிடப்பவர்கள் ஒன்றுசேர்வது, என்று பேசியது வெள்ளையரையும் கறுப்பரையும் பற்றி. நம் பங்குகளில் அந்தப் பிரிவினைக்குச் சாதி என்று பெயர். உங்கள் 30 பேரில் எத்தனை பேர் ஒரே சாதி, ஒரே பங்காளி வகையறா? திருவிழாக் கமிட்டியில் இருக்கும் அதே குடும்பங்கள்தானா? எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்த பட்டியலைப் போடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. பிறந்த ஊருக்காக வேலை செய்கிறீர்கள், குடியிருப்பதோ 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. கடைசி பஸ்ஸுக்குக் கிளம்புகிறவரிடம் தெரு தன் சண்டையைச் சொல்லாது. மூன்று வகையில் இரண்டாவது ஆள் நீங்கள்தான். திரும்பி வருவது பாதியில் நிற்கிறது. வாடகைக்கு ஒரு வீடு பாருங்கள். 'படிக்கவைத்து அனுப்பினால் இங்கேயே வந்து நிற்கிறானே, யார் பெண் கொடுப்பார்கள்' என்று அம்மா புலம்பினால், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கவலை சும்மா இல்லை. அம்மா சரியென்று சொல்ல நாளானால் வாரத்தில் நாலு ராத்திரியாவது அங்கே தங்குங்கள்.

நிதி கொடுப்பவர்களுக்கு உள்ளதை அப்படியே எழுதுங்கள்: போன முகாமில் 30 பேர், இன்று தெருவில் இருப்பவர் இத்தனை பேர், இந்த வருடம் முகாம் கிடையாது, பத்துப் பேரோடு ஒரு வருட வேலை, செலவு இவ்வளவு. மாதம் ஒருமுறை லாரிக் காலண்டரைப் படம் எடுத்து அனுப்புவதாகச் சொல்லுங்கள். ஃப்ளெக்ஸும் குத்துவிளக்குப் படமும்தான் வேண்டுமென்று அவர்கள் அடம்பிடித்தால், அந்தப் பணத்தை விட்டுவிடலாம். காலண்டர் எந்த மளிகைக் கடையிலும் சும்மா கொடுப்பார்கள்.